சிட்டுவுக்கு வந்த முறை மாப்பிள்ளை

அன்று ஞாயிற்றுக்கிழமை. வாசலில் நின்று பால்காரரிடம் பாலில் எவ்வளவு தண்ணீர், தண்ணீரில் எவ்வளவு பால் என்று பேசிக்கொண்டிருந்தேன். தெருமுனையில் ஒரு லோடு ஆட்டோ திரும்பி நேராக எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து நின்றது.

பின்னால் தேங்காய் ஏற்றும் இடத்தில் ஜமுக்காளம் விரித்திருந்தது. அதன் மேல் ஒரு நாய் உட்கார்ந்திருந்தது. குளிப்பாட்டி, துடைத்து, கழுத்துக்குப் புதுப் பட்டை போட்டு, பட்டைக்கு மேலே ஒரு முழம் கதம்பமும் சுற்றியிருந்தார்கள். நாய் பாதிக் கதம்பத்தை ஏற்கெனவே தின்று முடித்திருந்தது.

முன் சீட்டிலிருந்து என் அண்ணன் மாணிக்கம் இறங்கினார். சலவை வேட்டி, நெற்றியில் விபூதி, கையில் எவர்சில்வர் தட்டு. தட்டில் வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு பாக்கெட் ரஸ்க்கு.

“என்னண்ணே இது கோலம்?” என்றேன்.

“பொண்ணு பாக்க வந்திருக்கோம்த்தா. மாப்பிள்ளை வீட்டுக்காரவுக வாசல்ல நிக்கிறோம், வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?”

பால்காரர் அன்று எந்த விவாதமும் இல்லாமல் அரை லிட்டர் அதிகமாக ஊற்றிவிட்டுப் போனார். இந்தக் காட்சியைப் பார்த்ததற்கான கட்டணம் என்று நினைத்திருப்பார் போல.

பெண் யார்?

பெண், எங்கள் வீட்டுச் சிட்டு. நாயை ‘அது’ என்று எழுதுவதுதான் இலக்கணம். சிட்டுவை அப்படி எழுத எனக்குக் கை வராது. அவள் என்றே எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் ஒவ்வொரு முறையும் திருத்தி வாசித்துக்கொள்ளலாம்.

எங்களுக்குப் போடியில் ஏலக்காய் வியாபாரம். போடிமெட்டுக்குப் போகும் மலைச்சரிவில் சின்னதாக ஓர் ஏலத்தோட்டமும் உண்டு. தோட்டத்தில் காட்டுப்பன்றிகள் ராத்திரி வந்து செடியைத் தோண்டிப் போடும். காய் விலை ஏறினால் இரண்டு கால் பன்றிகளும் வரும். அதனால் தோட்டக்காரர்கள் எல்லாருக்கும் நல்ல காவல் நாய் வேண்டும்.

காவல் நாய்க்கு நாங்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. தேவாரம் தாண்டினால் கோம்பை. அந்த ஊர்ப் பெயரிலேயே ஒரு நாய் இனம் இருக்கிறது. செம்மண் நிறம், கறுத்த மூஞ்சி, வளைந்த வால். உடம்பைப் பார்த்தால் சாதாரணம். கோபத்தைப் பார்த்தால்தான் தெரியும். எங்கள் வீட்டில் சிட்டுவுக்கும் எனக்கும் ஒரே சுபாவம் என்று என் வீட்டுக்காரர் பலரிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம் சொன்னதில்லை.

அண்ணனுக்குச் சிலமலையில் தென்னந்தோப்பு. பல வருடங்களுக்கு முன் கோம்பையிலிருந்து ஒரே கூடையில் இரண்டு குட்டிகளைக் கொண்டுவந்தார். ஒரே தாய் வயிற்றுக் குட்டிகள். ஆணுக்குக் கருப்பன், பெண்ணுக்குச் செவலை என்று பெயர் வைத்தார். அந்தச் செவலை போட்ட குட்டிதான் எங்கள் சிட்டு. நான்தான் கேட்டு வாங்கி வந்தேன்.

லோடு ஆட்டோவில் வந்த மாப்பிள்ளையின் பெயர் ராசு. தேவாரத்தில் வெள்ளாமை பார்க்கும் ஒரு சம்சாரி வீட்டு நாய்க்கும் கருப்பனுக்கும் பிறந்து, அண்ணனிடம் வளர்பவன்.

அதாவது, அண்ணன் கணக்குப்படி, செவலையும் கருப்பனும் உடன்பிறந்தவர்கள். செவலை மகள் சிட்டு. கருப்பன் மகன் ராசு. சிட்டுவுக்கு ராசு தாய்மாமன் மகன். அசல் முறை மாப்பிள்ளை.

“நம்ம சாதி சனத்துலகூட இப்பிடிப் பொருத்தமா அமையாது” என்றார் அண்ணன், ரஸ்க்கை உடைத்து மாப்பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டே.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் எதைப் பற்றிப் பேசினாலும் கடைசியில் பேச்சு முறையில் வந்து நிற்கும். பஸ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் ஊர் கேட்டால், அடுத்த நிறுத்தத்துக்குள் அவர் நமக்குச் சித்தப்பாவா, மாமாவா என்று முடிவாகிவிடும். சித்தப்பா என்றால் ஒரு மரியாதை, மாமா என்றால் ஒரு கேலி. மாமன் மகன், அத்தை மகன் கட்டிக்கொள்ளும் முறை. சித்தப்பன், பெரியப்பன் பிள்ளைகள் அண்ணன் தங்கை. இந்தக் கணக்கில் எங்கள் ஊர் ஆட்கள் தூக்கத்தில்கூடத் தப்புச் செய்ய மாட்டார்கள். நாய்க்கும் அதே கணக்கைப் போடுவார்கள் என்று மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை.

நடுவில் ஒரு மனிதக் கதை

சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறேன். அன்று அண்ணன் தட்டோடு நின்றபோது எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வரவில்லை. காரணம் வேறு.

அதற்கு முந்தைய வருடம் அதே தட்டோடு, அதே வேட்டியில், அண்ணன் வேறொரு பெண் கேட்டு வந்திருந்தார். என் மகள் கயலை, தன் மகன் முத்துவுக்கு. கயலுக்கு முத்து தாய்மாமன் மகன். முறைக்கு முறை, சொந்தத்துக்குச் சொந்தம். நானே என் தாய்மாமன் மகனைத்தான் கட்டியிருக்கிறேன்.

கயல் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். போனிலேயே சொல்லிவிட்டாள்.

“முத்து நல்லவன்தாம்மா. அவனுக்கு என்னைய விட அவன் டிராக்டர் மேலதான் ஆசை. சின்னப் பிள்ளையிலருந்து ஒண்ணாச் சண்டை போட்டு வளந்தோம். எனக்கு அவன அப்பிடி நெனைக்க முடியல.”

முத்துவும் அதைக் கேட்டு ஒரு பெருமூச்சு விட்டதாகத் தகவல். அது நிம்மதிப் பெருமூச்சு என்று முத்துவின் அம்மா, என் மதினி, சொன்னார். வருத்தப்பட்டது அண்ணன் ஒருவர்தான். “சரித்தா, பிள்ளைக இஷ்டம்” என்று சொல்லிவிட்டு, காப்பியைக் குடிக்காமல் போனார். என் அண்ணன் காப்பியை மிச்சம் வைத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஆகவே ராசு வந்த அன்று, ‘இந்தச் சம்பந்தமாவது கூடிவரட்டும்’ என்று எனக்கும் ஓர் ஆசை இருந்தது. மறைப்பானேன்.

டாக்டரம்மா கேட்ட கேள்வி

ஆனாலும் டாக்டரைக் கேட்காமல் முடியாது என்றேன். நாய் வளர்ப்பதில் எனக்குக் கொஞ்சம் கண்டிப்பு உண்டு. பிறக்கிற குட்டி நோஞ்சானாகப் பிறந்து, யாருக்கும் வேண்டாமல் சந்தைப்பேட்டை ஓரத்தில் கிடப்பதைப் பார்த்துப் பார்த்து வந்த கண்டிப்பு. பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு மறுநாள் எல்லாருமாகக் கால்நடை மருத்துவரிடம் போனோம்.

டாக்டரம்மாவுக்குச் சின்ன வயது, ஆனால் குரலில் அதட்டல். சிட்டுவின் பல், காது, நெஞ்சு எல்லாம் பார்த்தார். முதுகுப்பக்கம் நின்று கைதட்டினார், சிட்டு சட்டென்று திரும்பினாள்.

“காது நல்லாக் கேக்குது. வயசும் சரிதான். பையனும் திடகாத்திரமா இருக்கான். ரெண்டு பேருக்கும் என்ன சொந்தம்?”

அண்ணன் நெஞ்சை நிமிர்த்தினார். “மாமன் மகன்தாங்க. முறை மாப்பிள்ளை.”

“அப்ப வேணாம்.”

என் வீட்டுக்காரர் இருமினார். முப்பது வருடமாக எனக்குப் புருஷனாக இருக்கும் மாமன் மகன் அவர்.

“என்னம்மா இப்பிடிச் சொல்றீக?” என்றார் அண்ணன்.

“நெருங்கின ரத்தத்துலயே சேத்துக்கிட்டே போனா, உள்ள மறைஞ்சு கெடக்குற குறையெல்லாம் குட்டியில வெளிய வரும். காது கேக்காது, இருதயம் பலமிருக்காது, பிறந்த வாரத்துலயே போயிரும். இந்தச் சிட்டுகூடப் பிறந்ததெல்லாம் எப்படி இருக்கு?”

அண்ணன் முகம் கொஞ்சம் இறங்கியது. “ஒண்ணும் தங்கலம்மா. இவ ஒருத்திதான் பிழைச்சா. ஊர்க்கண்ணு பட்டுப்போச்சு.”

“சரி, இவளுக்கு அப்பன் எது?”

“நாய்க்கு அப்பனை யாரும்மா கேட்டா?” என்றார் அண்ணன்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். இந்தப் பருவத்தை விட்டுவிடுங்கள், அடுத்த பருவத்துக்குள் ரத்த சொந்தமே இல்லாத நல்ல நாயாகத் தேடுங்கள் என்றார். அதற்குள் சிட்டுவுக்குத் தடுப்பூசி, பூச்சி மருந்து, உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை எல்லாம் முடிய வேண்டும். கடைசியாக ஒன்று சொன்னார். “குட்டி பிறந்த பிறகு வீடு தேடாதீங்க. வீடு இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் குட்டிக்கு யோசிங்க.”

மருத்துவமனை வாசலில் அண்ணன் ராசுவை ஆட்டோவில் ஏற்றினார். ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஒம்மகதான் எம்மகன வேணாம்னா. இப்ப ஒன் நாயுமா?”

ஆட்டோ போய்விட்டது. பின்னால் நின்ற ராசு, தெரு திரும்பும்வரை வாலை ஆட்டிக்கொண்டே போனான். தனக்கு மரியாதை போனது அவனுக்குத் தெரியாது.

வெற்றிலை வைத்த அன்று

அதற்குப் பிறகு அண்ணன் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. போன் செய்தால் மதினிதான் எடுப்பார். “தோப்புல இருக்காக” என்பார். மழை கொட்டும்போதும், கிரகணத்தின்போதும் அண்ணன் தோப்பில்தான் இருந்தார்.

இதற்கிடையில் கயலுக்கு அவளோடு வேலை பார்க்கும் பையனையே பேசி முடித்தோம். எங்கள் வழக்கத்தில் முதல் வெற்றிலை தாய்மாமனுக்குத்தான். மணமேடைக்குப் பெண்ணைக் கைபிடித்து அழைத்து வருபவர் அவர். மாலை, பட்டு, சீர்த்தட்டு எல்லாம் அவர் கொண்டுவர வேண்டும். அவர் இல்லாவிட்டாலும் கல்யாணம் நடக்கும். ‘தாய்மாமன் எங்கே?’ என்று பந்தியில் உட்கார்ந்த ஒவ்வொருவரும் சாம்பாருக்கு முன்னால் ஒரு தடவை, ரசத்துக்கு முன்னால் ஒரு தடவை கேட்பார்கள். ஊர் கேட்பதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். அந்த மேடையில் என் அண்ணன் நிற்காமல் என்னால் என் மகளைப் பார்க்க முடியாது.

நானும் வீட்டுக்காரரும் பஸ்சு பிடித்துச் சிலமலை போனோம். அண்ணன் அன்றைக்கும் தோப்பில்தான் இருந்தார், நிஜமாகவே. தட்டை நீட்டினோம். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். “நல்லா இருக்கட்டும்” என்றார். “வர்றேன்” என்று சொல்லவில்லை.

சும்மா நிற்க முடியாமல் நான் நாய்ப் பேச்சை எடுத்தேன்.

“அண்ணே, அன்னைக்கு டாக்டரம்மா கேட்டாகல்ல, சிட்டுவுக்கு அப்பன் யாருன்னு. எனக்கும் தெரியணும்.”

“அது எதுக்கு இப்ப? போற வார நாய் எதாச்சும் இருக்கும்.”

காப்பி கொண்டுவந்த மதினி நின்றார். “போற வார நாயா? அந்த அடைமழையில ஒரு வாரம் தோப்புக் கதவப் பூட்டிப் போட்டீகளே. உள்ள கெடந்தது செவலையும் கருப்பனும்தான். வேற நாய் எங்கிட்டு வரும்? கருப்பந்தான் அப்பன். இது தெரியாதா ஒங்களுக்கு?”

எனக்கு மூளை தானாகக் கணக்குப் போடத் தொடங்கிவிட்டது. எங்கள் ஊர் மூளை, அதை நிறுத்த முடியாது.

“அண்ணே, சிட்டுவுக்கு அப்பன் கருப்பன். ராசுவுக்கும் அப்பன் கருப்பன். அப்ப ராசு சிட்டுவுக்கு என்ன முறை?”

அவர் விரலை மடக்கினார். நீட்டினார். மறுபடி மடக்கினார். பிறகு அங்கிருந்த தேங்காய்க் குவியல் மேல் உட்கார்ந்துவிட்டார்.

“ஆத்தாடி… அண்ணன் தங்கச்சியவா கட்டிவைக்கப் பாத்தேன்?”

இரத்தம், குறைபாடு, இருதயம் என்று டாக்டரம்மா எவ்வளவோ சொன்னார். அண்ணனுக்கு ஒன்றும் ஏறவில்லை. ‘அண்ணன் தங்கச்சி’ என்ற ஒரே வார்த்தையில் அத்தனையும் புரிந்துவிட்டது. அது மட்டுமில்லை, சிட்டுவின் ஆத்தாளும் அப்பனுமே கூடப் பிறந்தவர்கள் என்பதும் அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சிட்டுகூடப் பிறந்த குட்டிகளைக் கொன்றது ஊர்க்கண் இல்லை என்பதும் அதோடு சேர்ந்து உறைத்திருக்க வேண்டும்.

தென்னை மர நிழலில் கருப்பன் படுத்திருந்தான். “அடப் பாவி!” என்றார் அண்ணன். கருப்பன் கண்ணைத் திறக்காமலே வாலை ஒரு தடவை தூக்கிப் போட்டான்.

நான் சிரித்துவிட்டேன். மதினி சிரித்தார். என் வீட்டுக்காரர் திரும்பி நின்று சிரித்தார். அண்ணனும் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்:

“சரித்தா. நாய்க்கு முறை இல்ல. ஒத்துக்கிறேன். எம்மகனுக்கும் ஒம்மகளுக்கும் முறை இருந்துச்சுல்ல?”

“இருந்துச்சுண்ணே” என்றேன். “மனசு இல்ல.”

அண்ணன் மடல் வெட்ட அரிவாளை எடுத்துக்கொண்டு தோப்புக்குள் போய்விட்டார். திரும்பி வரும்போது பஸ்சு ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன். வீட்டுக்காரர் கேட்டதற்குக் கண்ணில் தூசி என்று சொன்னேன். அவரும் பெருந்தன்மையாக ஜன்னலைச் சாத்தினார்.

மலைமேல் ஒரு மாப்பிள்ளை

அடுத்த பருவத்துக்குள் மாப்பிள்ளை தேட வேண்டுமே. போடிமெட்டுப் பக்கம் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் தங்கச்சன் என்பவரிடம் ஒரு கோம்பை நாய் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஜீப்பில் ஏறினோம். அவர் மலையாளத்தையும் தமிழையும் ஒரே பாத்திரத்தில் கலந்து பேசுபவர்.

“எண்டெ பட்டி நல்ல பட்டியாக்கும்” என்றார் பெருமையாக.

கொண்டைஊசி வளைவுகளில் தலை சுற்றி வந்திருந்த என் வீட்டுக்காரர், “அது எங்க இருக்கு? தேனிப் பக்கமா, உத்தமபாளையம் பக்கமா?” என்று கேட்டார். மலையாளத்தில் பட்டி என்றால் நாய். இது அவருக்குத் தெரியாததில்லை. எங்கள் பக்கம் ஊருக்கு ஊர் பட்டியாக இருப்பதால் வாய் தானாக வழி கேட்டுவிட்டது.

நாயின் பெயர் சுல்தான். நம் ஜில்லாவே இல்லை, எங்கோ சிவகங்கைப் பக்கத்து வீட்டில் பிறந்தவன். தாய் தகப்பன் இரண்டையும் தங்கச்சன் நேரில் பார்த்தே வாங்கியிருந்தார். இந்த முறை நான் விடவில்லை. அப்பன் யார், ஆத்தா யார், கூடப் பிறந்ததெல்லாம் உயிரோடு இருக்கிறதா, கடிக்குமா, யாரைக் கடிக்கும் என்று துருவித் துருவிக் கேட்டேன். கயலுக்குப் பையன் பார்த்தபோதுகூட இவ்வளவு கேட்கவில்லை.

எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டுத் தங்கச்சன் கேட்டார்: “இனி ஞான் சோதிக்கட்டே? நிங்க பெண்ணுக்கு ரத்தப் பரிசோதனை எடுத்ததோ?”

நாங்கள் மாப்பிள்ளை பார்க்கப் போனால், மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைச் சோதிக்கிறார்கள். எனக்கு முதலில் சுருக்கென்றது. பிறகு யோசித்தால், இவர்தான் சரியான சம்பந்தி என்று பட்டது. டாக்டரம்மாவும் இரண்டையும் பார்த்துச் சரி என்றார்.

தராசு

சிட்டு சினையானதும் ஊர் முழுக்க வைத்தியர்கள் முளைத்தார்கள். பச்சை முட்டை கொடு என்றார் ஒருவர். பால் ஒரு லிட்டர் கொடு, குட்டி வெள்ளையாகப் பிறக்கும் என்றார் இன்னொருவர். செம்மண் நாய்க்கு எதற்கு வெள்ளைக் குட்டி? என் வீட்டுக்காரர் தன் பங்குக்கு ஒரு பெரிய கால்சியம் டப்பா வாங்கி வந்தார். சினையாக இருக்கும்போது டாக்டர் சொல்லாமல் கால்சியம் கொடுத்தால் குட்டி போட்ட பிறகு தாய்க்கு வலிப்பு வரும் ஆபத்து உண்டு என்று டாக்டரம்மா தடுத்துவிட்டார். நல்ல சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் போதும் என்றார். டப்பாவை வீட்டுக்காரரே தின்று தீர்த்தார், மூட்டு வலிக்கு நல்லது என்று.

ஏலக்காயை உலர்த்தித் தரம் பிரிக்கும் எங்கள் ஸ்டோரின் ஒரு மூலையில் பழைய மரப்பெட்டியின் ஒரு பக்கத்தைத் தாழ வெட்டிச் சிட்டுவுக்குப் பிரசவ அறை தயார் செய்தோம். சாக்கு போடக் கூடாது, நார் குட்டியின் காலில் சுற்றிக்கொள்ளும். பழைய பருத்தி வேட்டிகள் போட்டோம். புதுக்குட்டிக்குத் தானாக உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளத் தெரியாது, கதகதப்பு வேண்டும் என்றேன்.

“ஸ்டோர்ல டிரையர்தான் இருக்கே” என்றார் வீட்டுக்காரர்.

“குட்டிகள என்ன ஏலக்கான்னு நெனச்சீகளா?” என்று நான் பார்த்த பார்வையில் அவரே பல்பு மாட்டிவிட்டுப் போனார்.

ஒரு மத்தியானம், ஸ்டோரில் பெண்கள் காய் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது, சிட்டு சத்தம் காட்டாமல் ஆறு குட்டி போட்டாள். காய் பொறுக்கும் வேலை அன்றைக்கு அத்தோடு சரி.

ஏலக்காய் நிறுக்கும் தராசு வீட்டில் இருந்ததால் தினமும் காலையில் குட்டிகளை நிறுத்தோம். எடை ஏறினால் குட்டி பால் குடிக்கிறது, இறங்கினால் ஏதோ சரியில்லை. கண்ணுக்குத் தெரியாதது தராசுக்குத் தெரியும். வீட்டுக்காரர் ஒவ்வொரு குட்டியையும் வைத்து, எடையை ஏலக் குரலில் கூவுவார். காயைத் தரம் பிரித்துப் பழகிய வாய், “இது முதல் ரகம், இது ரெண்டாம் ரகம்” என்று தொடங்கியது. தாய்க்குக் கேட்கும் என்று நான் அடக்கினேன்.

ஆறில் ஒன்று மிகச் சின்னது. ஏலக்காய்க்குள் இருக்கும் கறுப்பு விதையை நாங்கள் அரிசி என்போம். அந்தக் குட்டிக்கு அரிசி என்றே பெயர் வைத்தோம். இரண்டாம் நாள் தராசில் அரிசி இறங்கிவிட்டாள். வீட்டுக்காரர் கூவவில்லை. தராசைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தார். தராசு பொய் சொல்லவில்லை.

டாக்டரம்மா வந்து பார்த்தார். வாய்க்குள் மேல் அண்ணம் பிளந்திருக்கவில்லை, பலவீனம்தான், பயப்படாதீர்கள் என்றார். பெரிய குட்டிகளைக் கொஞ்ச நேரம் தள்ளி வைத்துவிட்டு, பால் அதிகம் சுரக்கும் பின்காம்பில் அரிசியைப் பிடித்து வைத்தேன். வேறு சோலி எதுவும் பார்க்கவில்லை. சிட்டுகூடப் பிறந்து செத்த குட்டிகளின் நினைவுதான் எனக்கு. அரிசியும் அந்த வழியில் போய்விடக் கூடாது என்று குலதெய்வத்துக்குக்கூட வேண்டிக்கொண்டேன். நாய்க்கு வேண்டலாமா என்று கேட்காதீர்கள், எங்கள் குலதெய்வத்தின் காலடியிலும் ஒரு நாய் உண்டு.

நான்காம் நாள் ஏலக் குரல் மறுபடி கேட்டது. கொஞ்சம் கரகரப்பாக.

கண் திறந்ததிலிருந்து ஆள் வரத்து. நான் யாரையும் விரட்டவில்லை. கையில் எடுக்கட்டும், குக்கர் விசில், ஜீப்பு ஹாரன், கொட்டுச் சத்தம் எல்லாம் காதில் விழட்டும். அப்படி வளர்ந்த குட்டிதான் பின்னால் பயந்து கடிக்காது. ஆனால் குட்டியைக் கையோடு கேட்டால் மட்டும் எனக்குக் கோபம் வரும். ராசிங்காபுரத்துக்காரர் ஒருவர், “அதான் கண்ணு தெறந்துருச்சே, வெரசாக் குடுங்க” என்றார்.

“ஒங்க பேத்திக்கும் கண்ணு தெறந்துருச்சுல்ல, குடுக்குறீகளா?” என்றேன்.

இரண்டு மாதம் தாயோடும் கூடப் பிறந்ததுகளோடும் இருந்தால்தான் கடிப்பதற்கு அளவு தெரியும். அதற்கு முன் யாருக்கும் இல்லை. அவர் முறைத்துக்கொண்டே போனார். பிறகு சரியான நாளில் வந்து, நான் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, முறையாகவே வாங்கிப் போனார்.

ஊசி போட்ட நாள்

யாருக்கும் கொடுப்பதற்கு முன்பே, ஆறாவது வாரத்தில் குட்டிகளுக்கு முதல் தடுப்பூசி. ஆறையும் கூடையில் வைத்து டாக்டரம்மாவிடம் கொண்டுபோய் உட்கார்ந்திருந்தோம். கயல் கல்யாணத்துக்கு அதிக நாள் இல்லை. பந்தலுக்குச் சொல்லியாகிவிட்டது, சமையலுக்குச் சொல்லியாகிவிட்டது. சிலமலையிலிருந்து மட்டும் ஒரு சொல்லும் இல்லை. மதினியிடம் அன்று காலைகூடப் பேசினேன். “குட்டிகளுக்கு இன்னைக்கு ஊசி, அப்புறம் பேசுறேன்” என்று வைத்திருந்தேன்.

வெளியே ஒரு லோடு ஆட்டோ நின்றது. எனக்குச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது.

அண்ணன் இறங்கினார். கரை போட்ட புது வேட்டி. கையில் அதே தட்டு. தட்டில் வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, ஆறு குட்டிக் கழுத்துப்பட்டைகள். பின்னால் ஜமுக்காளத்தில் ராசு.

“என்னண்ணே?” என்றேன்.

“மாப்பிள்ளையா வந்தப்பத்தான் வேணாம்னுட்டீக. சரி. ராசு சிட்டுவுக்கு அண்ணன்னு நீதானத்தா கணக்குச் சொன்ன? அப்ப இதுகளுக்கு ராசு யாரு?”

“தாய்மாமன்” என்றேன்.

“அதான். தாய்மாமன் சீர் கொண்டாந்திருக்கோம்.”

டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். “தாய்மாமன் ஆட்டோலயே இருக்கட்டும். குட்டிகளுக்கு ஊசியெல்லாம் முடியாம வெளி நாய் பக்கத்துல வரக் கூடாது” என்றார். அண்ணன் இந்தத் தடவை எதிர்த்துப் பேசவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு, “கருப்பனுக்கும் செவலைக்கும் ஆபரேசன் பண்ணியாச்சும்மா. இனி எந்தக் கதவப் பூட்டுனாலும் பயமில்ல” என்று மட்டும் சொன்னார்.

பிறகு எங்களோடு வந்து பெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மடியைத் தட்டிக் காட்டினார். எங்கள் பக்கம் குழந்தைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில்தான் உட்கார வைப்போம். கயலுக்கும் அவர் மடியில் வைத்துத்தான் குத்தியது. அன்று அவள் போட்ட அலறலில் ஆசாரி பயந்துபோய் ஒரு காதோடு எழுந்து போகப் பார்த்ததை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்போம்.

“ராசு வர முடியாதுல்ல. அவனுக்குப் பதிலா நான் உக்காருறேன். எது மொதல்ல?”

அரிசியை எடுத்து அவர் மடியில் வைத்தேன். அவள் அந்த அகலமான மடியை மோந்து பார்த்தாள், ஒரு சுற்றுச் சுற்றினாள், படுத்துக்கொண்டாள். அண்ணன் அவள் காதை இரண்டு விரலால் தடவினார். டாக்டரம்மா ஊசியைப் போட்டார். அரிசி ஒரே ஒரு ‘கீச்’. அப்புறம் அவளுக்குத் தெரிந்த விதத்தில் பதில் மரியாதை செய்தாள்.

அண்ணன் அசையாமல் உட்கார்ந்திருந்தார். புது வேட்டியில் மஞ்சளாக ஒரு வட்டம் மெதுவாகப் பெரிதாகிக்கொண்டே போனது. அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“போச்சு” என்றார். “கயலு கல்யாணத்துல கட்டணும்னு எடுத்த வேட்டித்தா இது. இனி வேற எடுக்கணும்.”

என் வீட்டுக்காரர் சட்டென்று எழுந்து வெளியே போனார். அன்றைக்குத் தூசி அவர் கண்ணில் விழுந்ததாம்.